ஆரல்வாய்மொழிக் காற்றும் துளை போட்ட இறக்கையும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் பிள்ளைகளில் ஒருவன் விமானப் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறான். பொத்தேரியில் வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்குத் தெரியும், வருடக் கடைசி வந்துவிட்டால் மாடி முழுக்க ப்ராஜெக்ட் பேச்சுதான். ஒரு நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து, "டீச்சர், இதைப் பாருங்க" என்று ஒரு படம் காட்டினான். காற்றாலையின் இறக்கை சுழல்கிறது. சுற்றிலும் காற்று நீலமும் பச்சையும் சிவப்புமாக ஓடுகிறது. இறக்கையின் மேல் இரண்டு இடங்களில் பட்டை பட்டையாக நுண்துளைகள் உள்ள பகுதி. முழு இறக்கைக்கும் துளையுள்ள இறக்கைக்கும் என்ன வித்தியாசம் என்று கணினியிலேயே ஓட்டிப் பார்ப்பதுதான் அவன் வேலை. சிமுலேஷன் என்கிறார்கள்.

"துளை உள்ள இடம் காற்றை எவ்வளவு தடுக்கும்னு கம்ப்யூட்டருக்கு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டேன்.

"அதுக்கு ரெண்டு நம்பர் கொடுக்கணும் டீச்சர்."

"அந்த நம்பர் எங்கிருந்து வந்தது?"

"ஒரு பேப்பர்ல இருந்து எடுத்தேன்."

அந்தப் பேப்பர் எழுதினவருக்கு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் போனால் அது 1856இல் பிரான்சில் ஒரு ஊர்க் குடிநீர்த் திட்டத்தில் போய் நிற்கிறது. நடுவில் நம் குரோம்பேட்டையும் பள்ளிக்கரணையும் வருகின்றன. அதனால்தான் இங்கே எழுதத் தோன்றியது.

முதலில் மணல். ஆறாம் வகுப்பில் மூன்று பானை வைத்து மணல், கரி, ஜல்லி போட்டுத் தண்ணீர் வடிகட்டிக் காட்டுவோமே, அதேதான். டிஜோன் என்ற ஊரில் ஹென்றி டார்சி என்று ஒரு பொறியாளர். தன் சொந்த ஊருக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் தூரத்தில் இருந்த ஊற்றிலிருந்து 1840இல் தண்ணீர் கொண்டுவந்தவர். கடைசிக் காலத்தில் அந்த ஊர் மருத்துவமனையில் செங்குத்தான ஓர் இரும்புக் குழாயில் மணலை நிரப்பி, மேலே எவ்வளவு அழுத்தம் கொடுத்தால் கீழே எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளந்தார். அழுத்த வித்தியாசம் இரட்டிப்பானால் தண்ணீரும் இரட்டிப்பு. மணல் அடுக்கின் உயரம் இரட்டிப்பானால் தண்ணீர் பாதி. 1856இல் டிஜோன் நகரின் நீரூற்றுகளைப் பற்றிய தன் புத்தகத்தில் இதை வெளியிட்டார். இரண்டு வருடத்தில் இறந்தும் போனார்.

ஓட்டம் வேகமானால் இந்த நேர்கணக்கு சரிவராது. வேகத்தின் வர்க்கத்தைச் சேர்த்த இன்னொரு பகுதி வேண்டும் என்று 1901இல் சொன்னவர் ஆஸ்திரியாவின் பிலிப் ஃபோர்ச்ஹைமர். மாடிப் பிள்ளை கணினிக்குக் கொடுத்த இரண்டு எண்களில் ஒன்று டார்சியின் வழியில் வந்தது, மற்றது ஃபோர்ச்ஹைமரின் வழியில் வந்தது. மணலில் தண்ணீர் ஓடுவதற்குக் கண்ட கணக்கு இன்று இறக்கைத் துளையில் காற்று ஓடுவதற்கு உதவுகிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள். டார்சியின் விதி எல்லா மணலுக்கும் பொருந்தும், எண் மட்டும் மணலுக்கு மணல் மாறும். ஒவ்வொரு மணலையும் அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, இறக்கையில் எதற்குத் துளை? காற்றைப் பிடித்துத் திருப்புகிற பொருளில் யாராவது ஓட்டை போடுவார்களா?

உங்கள் வீட்டு மின்விசிறியைப் பாருங்கள். சாதாரண நாலடி விசிறி நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றினால் இறக்கையின் நுனி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அப்படி இருந்தும் மாதம் ஒருமுறை துடைக்காவிட்டால் இறக்கை மேல் தூசி அப்பிக் கிடக்கிறது. அந்தக் காற்றிலேயே தூசி பறந்திருக்க வேண்டாமா? பறக்காது. இறக்கையின் பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று இறக்கையோடே ஒட்டிக்கொண்டு வருகிறது. அதற்கு மேல் இருப்பது கொஞ்சம் நழுவுகிறது, அதற்கும் மேலே இருப்பது இன்னும் கொஞ்சம். இப்படி ஒரு மெல்லிய சோம்பேறி அடுக்கு இறக்கையைப் போர்த்தியிருக்கிறது. எல்லை அடுக்கு என்று பெயர்.

இதைக் கண்டு சொன்னவர் ஜெர்மனியின் லுட்விக் பிராண்டில். நூரன்பெர்க்கில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, சீவல் தூளை உறிஞ்சி வெளியே தள்ளும் குழாயைத் திருத்தும் வேலை அவரிடம் வந்தது. விரிந்துகொண்டே போகும் குழாயில் காற்று கணக்குப்படி நடக்காமல் சுவரை விட்டுப் பிரிந்து போனது. ஏன் என்ற கேள்வியைக் கூடவே எடுத்துக்கொண்டு ஹானோவருக்கு ஆசிரியராகப் போனார். அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினார். கையால் சக்கரம் சுற்றினால் தண்ணீர் ஓடும். ஓட்டம் கண்ணுக்குத் தெரிய நுண்ணிய கனிமத் துகள்களைத் தூவினார். 1904 ஆகஸ்டில் ஹைடல்பெர்க்கில் கூடிய கணித மாநாட்டில் பத்து நிமிடம் பேசினார். வயது 29. அச்சில் எட்டே பக்கம். விமானவியல் முழுவதும் அந்த எட்டுப் பக்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

அந்த எட்டுப் பக்கத்துக்குள்ளேயே நம் துளையும் இருக்கிறது. ஓர் உருளையின் ஒரு பக்கத்தில் கீறல் போட்டு, அதன் வழியாகச் சோம்பேறி அடுக்கை உள்ளே உறிஞ்சினார். அந்தப் பக்கம் ஓட்டம் பிரியாமல் பின்புறம் வரை ஒட்டிக்கொண்டே போனது. இறக்கையின் மேல் காற்று இப்படி ஒட்டிப் போகிறவரை தூக்குவிசை கிடைக்கும். பிரிந்துவிட்டால் விமானம் தூக்கத்தை இழக்கும், காற்றாலை சுழற்சியை இழக்கும். ஆக, பொருளில் போடுகிற ஓட்டை பொருளுக்கே பலம் தருகிறது.

சுழலும் இறக்கையில் கூடுதலாக ஒரு வேடிக்கை உண்டு. சோம்பேறி அடுக்கு இறக்கையோடு சேர்ந்து சுற்றுவதால், ராட்டினத்தில் உட்கார்ந்தவரைப் போல அதுவும் வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. நடு அச்சுக்குப் பக்கத்தில் அடுக்கு மெலிந்து, பிரிய வேண்டிய காற்று பிரியாமல் நிற்கிறது. 1945இல் கோட்டிங்கனில் ஹிம்மல்ஸ்காம்ப் என்பவர் விமான உந்தியில் இதை அளந்து காட்டினார். அதனால்தான் நிற்கும் இறக்கைக்குப் போட்ட கணக்கைச் சுழலும் இறக்கைக்கு அப்படியே எடுத்து வைக்க முடியாது. இறக்கை உள்ளே கூடாக இருந்தால் உள்ளிருக்கும் காற்றும் அதே போல நுனிக்கு ஓடும். இதை வைத்தே 1950களில் இங்கிலாந்தில் 100 கிலோவாட் காற்றாலை ஒன்று கட்டினார்கள். ஆந்த்ரோ என்ற பிரெஞ்சுக்காரரின் யோசனை. நுனி திறந்த கூடான இறக்கைகள் சுழன்று காற்றை வெளியே வீச, கோபுரத்தின் உள்ளே கீழிருந்து காற்று ஏறி, அங்கே இருக்கும் சின்னச் சுழலியைச் சுற்றும். யோசனை அழகு. ஆனால் வழியெல்லாம் காற்று உரசி உரசிச் சக்தி வீணானது. பிறகு அதை அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம்.

தோல் தொழிற்சாலையின் பெயரால் வந்த ஊர் குரோம்பேட்டை. அங்கே 1949இல் சி. ராஜம் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியைத் தொடங்கினார். விமானப் பொறியியல் என்ற பெயரே நம் மக்களுக்குப் புதிதாக இருந்த காலம். கல்லூரியில் பார்வைக்கு நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துத்தான் ராமேஸ்வரத்துப் பையன் ஒருவருக்கு அந்தப் பிரிவின் மேல் ஆசை வந்தது. அவர் அப்துல் கலாம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மின்சார ரயிலில் தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே தினமும் அந்த ஊரைக் கடக்கிறோம்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் விமானவியல் துறை அதற்கும் முன்பே, 1942இல் வந்துவிட்டது. 1951இல் அங்கே சேர்ந்தவர் சதீஷ் தவான். ஸ்ரீஹரிகோட்டா மையத்துக்கு இன்று அவர் பெயர்தான். ராக்கெட்டுக்காக அவரை நினைக்கிறோம். ஆனால் அமெரிக்காவில் அவர் செய்த முனைவர் ஆய்வு இந்தச் சோம்பேறி அடுக்கைப் பற்றியது. காற்று ஒரு பரப்பை எவ்வளவு விசையோடு தேய்க்கிறது என்பதை அதுவரை பெரும்பாலும் சுற்றி வளைத்துத்தான் கணக்கிட்டார்கள். தவான் பரப்பிலேயே ஒரு சின்னத் துண்டைத் தனியாக மிதக்கவிட்டு, காற்று அதை எவ்வளவு இழுக்கிறது என்று நேரடியாக அளந்தார். அவரிடம் படித்த ரோடம் நரசிம்மா, அந்த அடுக்கு அமைதியான நிலையிலிருந்து கொந்தளிப்புக்கு மாறும் இடத்தை ஆராய்ந்தார்.

அளப்பது ஒரு பக்கம், கணக்குப் போடுவது மறுபக்கம். பாயும் பொருள்களுக்கான சமன்பாடுகளை 1822இல் நாவியரும் 1845இல் ஸ்டோக்ஸும் எழுதி வைத்துவிட்டார்கள். எழுதுவது வேறு, தீர்ப்பது வேறு. காற்றின் ஓட்டத்தை எண் எண்ணாகக் கணக்கிடலாம் என்று முதலில் துணிந்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் லூயிஸ் ரிச்சர்ட்சன். முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, 1910 மே 20ஆம் தேதி ஐரோப்பாவில் இருந்த வானிலையைக் காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்தார். ஆறு மணி நேர மாற்றத்துக்கு ஆறு வாரக் கணக்கு. விடை, காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது. அன்று உண்மையில் அழுத்தம் ஏறக்குறைய அப்படியே இருந்தது! அந்தக் கையெழுத்துப் பிரதி போரில் தொலைந்து, மாதக்கணக்கில் கழித்து பெல்ஜியத்தில் ஒரு கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்ததாம். தோல்வியை மறைக்காமல் 1922இல் புத்தகமாகவே போட்டார். அவர் வழிமுறையில் பெரிய கோளாறு இல்லை, உள்ளே கொடுத்த காற்று அளவுகளில் இருந்த சின்னச் சின்ன முரண்பாடுகளைக் கணக்கு பூதாகரமாக்கிவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. எந்த ஆசிரியரும் வகுப்பில் படித்துக் காட்ட வேண்டிய புத்தகம் என்பேன்.

1953இல் ஜப்பானில் கவாகுட்டி என்பவர் ஓர் உருளையைச் சுற்றிய ஓட்டம் ஒன்றைக் கைக்கணக்கு இயந்திரத்தில் போட்டு முடிக்க, வாரம் 20 மணி நேரம் வீதம் ஒன்றரை வருடம் ஆனது. மாடிப் பிள்ளையின் லேப்டாப் அதைச் சாப்பிட்டு வருவதற்குள் முடித்துவிடும். நம் நாட்டில் பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் 1986இல் ஃப்ளோசால்வர் என்ற இணைக் கணினியைக் கட்டியது. பெயரிலேயே வேலை இருக்கிறது, ஓட்டத்தைத் தீர்ப்பது. அமெரிக்கா தன் பெரிய கணினிகளைத் தரத் தயங்கிய காலம் அது.

அதே 1986இல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை எழுந்தது. டென்மார்க்கில் வடிவமைத்த 55 கிலோவாட் சுழலிகள். வெளிநாட்டு இறக்கை, நம் காற்று. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் என்று நான்கு கணவாய்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே நுழைகிறது என்பது நம் விவசாயிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்றால் போதும் அவர்களுக்கு. காற்றாலைக்கு அது போதாது. காற்றிலிருந்து கிடைக்கும் சக்தி வேகத்தின் முப்படியைப் பொறுத்தது. வேகத்தில் பத்து சதவீதம் தப்பாக அளந்தால் சக்தியில் முப்பத்து மூன்று சதவீதம் தப்பு. கடன் வாங்கிச் சுழலி நட்டவன் அதில் மூழ்கிப் போவான்.

அந்த அளவை எடுத்தவர் அன்னா மணி. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த ஆள் இவர்தான், அதனால் கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன். 1918இல் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரத்தையும் மாணிக்கக் கல்லையும் ஆராய்ந்து ஆய்வேடு கொடுத்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரவில்லை. அந்த ஏடு இன்றும் ராமன் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறது. பிறகு லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்து, 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். வெப்பமானி முதல் எல்லாவற்றையும் வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த நாட்டில், சுமார் நூறு கருவிகளுக்கு வரைபடம் போட்டு இங்கேயே செய்ய வைத்தார். தப்பாக அளப்பதைவிட அளக்காமலே இருக்கலாம் என்பது அவர் கொள்கை.

1976இல் ஓய்வு பெற்றார். நம்மைப் போல் பேரப்பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடும் வயதில் அவர் காற்றைத் துரத்திக்கொண்டு கிளம்பினார். பழைய வானிலை நிலையங்கள் பல ஊர் நடுவே, மரத்துக்கும் கட்டடத்துக்கும் பக்கத்தில் இருந்தன. அங்கே பதிவான வேகத்தை நம்பி காற்றாலை வைக்க முடியாது. 1983இல் இந்தியாவின் காற்றுச் சக்தித் தரவுகளைத் தொகுத்து வெளியிட்டார். அதன் பின் திறந்த வெளிகளில் உயரக் கம்பம் நட்டு, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் காற்றை அளக்கும் வேலையை நடத்தினார். நாடு முழுவதும் 700க்கும் மேற்பட்ட இடங்கள். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயிலில் போகும்போது முப்பந்தல் பக்கம் வெள்ளை வெள்ளையாக நிற்கும் காற்றாடிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோமே, அவை நிற்கும் இடத்தில் முதலில் நின்றது ஓர் அளவுக் கம்பம். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

காற்றாலைகளுக்கான மத்திய அரசு நிறுவனம் 1998இல் தொடங்கியது. வேளச்சேரியிலிருந்து தாம்பரம் வரும் சாலையில், பள்ளிக்கரணையில் இருக்கிறது. தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் என்று இப்போது பெயர். சதுப்பு நிலத்தைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போகிறவர்கள் அந்தப் பலகையைக் கவனித்திருக்க மாட்டீர்கள். அவர்களுடைய பரிசோதனை நிலையம் கயத்தாறில். 1799இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அதே கயத்தாறு. சுழலி செய்கிறவர் காகிதத்தில் சொல்லும் மின்சாரம் உண்மையில் வருகிறதா என்று அங்கே பக்கத்திலேயே கம்பம் நட்டு அளந்து பார்க்கிறார்கள்.

இப்போது துளைக்குத் திரும்பலாம். பிராண்டில் காட்டி 120 வருடம் ஆகிறது. இவ்வளவு நல்ல யோசனை என்றால் ஏன் எல்லா இறக்கையிலும் துளை இல்லை? 1980களில் நாசா ஜெட்ஸ்டார் என்ற விமானத்தின் இறக்கை முன் விளிம்பில் துளையிட்ட டைட்டானியம் தகட்டைப் பொருத்திப் பறக்கவிட்டது. துளைகள் பத்து லட்சத்துக்கும் மேல். ஒவ்வொன்றும் ஏறக்குறைய தலைமுடிப் பருமன். உறிஞ்சல் நன்றாகவே வேலை செய்தது. தொல்லை கொடுத்தவை பூச்சிகள். தரைக்குப் பக்கத்தில் பறக்கும்போது மோதிச் செத்து ஒட்டிக்கொள்ளும். அதற்காகவே ஏறும்போதும் இறங்கும்போதும் முன்னால் நீட்டிக்கொள்ளும் ஒரு மறைப்பு வைத்தார்கள். கடலில் இந்த யோசனை கொஞ்சம் நன்றாகப் பலித்தது. கூஸ்தோவின் அல்சியோன் கப்பலில் 1985இல், துளை வழியாகக் காற்றை உறிஞ்சும் இரண்டு உருளைப் பாய்மரங்கள் இருந்தன. எண்ணெய் மிச்சம் பிடிக்க இப்போது சரக்குக் கப்பல்களிலும் அந்த வகைப் பாய்மரங்களை வைக்கிறார்கள்.

காற்றாலையோ வாழ்நாள் முழுக்கப் பூச்சி பறக்கும் உயரத்திலேயே சுழல்கிறது. 2001இல் டச்சு ஆய்வாளர்கள் இருவர் ஒரு புதிரை அவிழ்த்தார்கள். கலிபோர்னியாவில் சில காற்றாலைகள் அதே காற்றில் சில நாள் நன்றாகவும் சில நாள் பாதி அளவும் மின்சாரம் கொடுத்தன. காற்று மெதுவாக இருக்கும் நாட்களில் பூச்சிகள் மோதி முன் விளிம்பில் ஒட்டுகின்றன. பிறகு பலத்த காற்று அடிக்கும்போது அந்தச் சொரசொரப்பால் ஓட்டம் பிரிகிறது. மழை பெய்து கழுவிவிட்டால் மின்சாரம் திரும்ப வருகிறது. துளையே இல்லாத இறக்கையின் கதை இது. தூசியும் உப்புக் காற்றும் உள்ள நம் தென் மாவட்டத்தில் நுண்துளைப் பட்டை எத்தனை மாதம் துளையாக இருக்கும்?

அந்தப் பிள்ளையிடம் இதைத்தான் சொன்னேன். அவன் படத்தில் இறக்கை புதிதாக இருக்கிறது. துளைக்குக் கொடுத்த இரண்டு எண்களும் முதல் நாள் எண்கள். ஒரு வைகாசியிலிருந்து ஆவணி வரை முப்பந்தலில் சுழன்ற பிறகு அதே தகட்டை இறக்கி, டார்சி மணலை அளந்த மாதிரி அளந்தால் என்ன எண் வரும்? கால்வாசி அடைந்தால், பாதி அடைந்தால் என்று எண்ணை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கலாம் என்றான். நல்ல யோசனை. ஆனால் கால்வாசி அடைய எத்தனை நாள் ஆகும் என்பதை லேப்டாப் சொல்லாது. ஒரு துண்டுத் தகட்டை ஏதாவது கோபுரத்தில் கட்டிவிட்டு வந்து, மாதாமாதம் போய்ப் பார்க்க வேண்டும். செலவு அதிகம் இல்லை, பொறுமைதான் அதிகம் வேண்டும். ஒரு பருவ மாணவனுக்கு அத்தனை மாதம் யார் தருவார்கள் என்பது வேறு கேள்வி.

இதற்கு இப்போது அவசரமும் இருக்கிறது. காற்று மிக நன்றாக வீசும் இடங்களில் நிற்பவையெல்லாம் முதலில் நட்ட சின்னச் சுழலிகள். அவற்றை எடுத்துவிட்டுப் பெரியவற்றை நடும் பேச்சு சில வருடங்களாக நடக்கிறது. 2024இல் தமிழ்நாடு அரசு அதற்குத் தனிக் கொள்கையே வெளியிட்டது. முப்பது வருடம் ஆரல்வாய்மொழிக் காற்றைத் தின்ற பழைய இறக்கைகள் கீழே இறங்கப் போகின்றன. முன் விளிம்பு எந்த இடத்தில் எவ்வளவு தேய்ந்தது, உப்பு எங்கே படிந்தது என்பது அந்த இறக்கைகளின் மேல் எழுதியிருக்கிறது. பழைய இரும்புக் கடைக்கும் குப்பைமேட்டுக்கும் போவதற்கு முன் யாராவது அவற்றில் பத்தையாவது அறுத்து அளந்து வைத்தால் நன்றாக இருக்கும்.

முள்ளக்காட்டிலும் கயத்தாறிலும் முப்பந்தலிலும் தொடக்க வருடங்களில் வேலை பார்த்த மின்வாரிய நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், இறக்கைகளை அப்போது எப்படிக் கழுவினீர்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கழுவினீர்கள் என்று எழுதுங்கள். மாடிப் பிள்ளைக்கும் காட்டுகிறேன்.